ஒரு சிட்டிகை மரத்தூள்

ஹேடோ, போர்ட் பிளேர்
10-2-1967

சௌபாக்கியவதி விசாலாட்சிக்கு,

முதலில் நல்ல சேதி. குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. நேற்று ஆர்டரைக் கையில் வாங்கினேன். ஹேடோவில், நான் வேலை பார்க்கும் துறைமுக ஸ்டோருக்குப் பின்னால், மேட்டில் எட்டு வீடுகள் கொண்ட வரிசை. நமக்கு ஏழாவது. மரச்சுவர், தகரக் கூரை, முன்னால் ஓர் அறை, நடுவில் ஓர் அறை, கடைசியில் சமையலறை. சமையலறைக்குத் தனிக் கதவு இருக்கிறது. நானே நாலு தடவை சாத்திப் பார்த்துவிட்டேன், இடுக்கில்லாமல் சாத்திக்கொள்கிறது. அடுப்படியில் எது நடந்தாலும் படுக்கும் அறைக்கு வராது.

ஆனால் ஒரு நிபந்தனை. இது குடும்பஸ்தர்களுக்கான வீடு. மே மாதம் 12-ம் தேதிக்குள் குடும்பம் வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த அடுத்தவர் தினமும் ஸ்டோர் வாசலில் வந்து நின்று, “வீட்டிலிருந்து லெட்டர் வந்ததா சார்?” என்று மிகுந்த அக்கறையுடன் விசாரிக்கிறார். இதை விட்டால் இன்னொன்று கிடைக்க ஆறேழு வருஷமாகும் என்கிறார்கள்.

நீ சுசீலாவைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறி மூன்று வருஷம் ஆகிறது. இங்கே டாலிகஞ்ச் வாடகை வீட்டில் அந்த மழைக்காலம் முழுக்க ஈரவிறகுப் புகையில் உனக்கு மூச்சிழுப்பு வந்து கஷ்டப்பட்டதை நான் மறக்கவில்லை. ஆகையால் இந்தத் தடவை முதலில் அடுப்பு, அப்புறம்தான் டிக்கெட். விறகடுப்பு கிடையாது, அதை இப்போதே தள்ளிவிட்டேன். மிச்சமிருப்பது பம்ப் ஸ்டவ், திரி ஸ்டவ், கரி அடுப்பு. பம்ப் ஸ்டவ் இங்கே கடையில் இருக்கிறது, புகை இல்லை, சீக்கிரம் வேகும். வாங்கிவிடட்டுமா? உன் அபிப்பிராயத்தை எழுது.

பதிலைத் தாமதிக்காதே. கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம். இருப்பது மூன்று மாதம். மொத்தம் மூன்று தடவைதான் நாம் பேசிக்கொள்ள முடியும்.

சுசீலாவுக்கு முத்தம். என்னைப் போட்டோவில் காட்டுகிறாயா?

ஜெகநாதன்


நாகப்பட்டினம்
25-2-1967

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சௌக்கியம் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அதனால் உள்ளபடியே எழுதுகிறேன். மாசிப் பனியில் இரண்டு தடவை இழுத்தது. ஒரு தடவை ஊசி போட வேண்டியிருந்தது. மற்றபடி நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

வீடு கிடைத்த சேதியை அண்ணன் சத்தமாக வாசித்தார். அண்ணி உடனே பாயசம் வைத்தாள். என்னை அனுப்பப் போகிற சந்தோஷம் என்று தப்பாக நினைத்துவிடாதீர்கள், அவள் அப்படிப்பட்டவள் இல்லை. மூன்று வருஷமாக நான் இந்த வீட்டு அடுப்படிக்குள் கால் வைக்கவில்லை. அவள் சமைக்கிறாள், நான் கொல்லையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். சுளித்தாலாவது ஒரு சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம்.

டாக்டர் சிவஞானத்திடம் கேட்டேன். புகை, தூசி, ஈரம் மூன்றும் ஆகாது என்றார். அந்தமானில் இவை மூன்றும் இல்லாத இடம் எது என்று அண்ணன் கேட்டதற்கு டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பம்ப் ஸ்டவ்வைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம். தை மாதம் எங்கள் தெருக்கோடியில் ஒரு பெண் பின்னைக் குத்திப் பம்ப் அடித்தபோது புடவையில் பற்றிக்கொண்டது. நானும் ஓடிப் போய்ப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. அதோடு அது போடுகிற சத்தத்தில் எனக்கு மூச்சு இழுப்பது யாருக்கும் கேட்காது. கரி அடுப்பு என்றால் கதவு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். உங்கள் மழையில் அது முடியுமா? திரி ஸ்டவ் பரவாயில்லை, ஆனால் அதற்கு மண்ணெண்ணெய் மாதம் முழுவதும் கிடைக்குமா?

நீங்கள் கதவைப் பற்றி எழுதினீர்கள். சமையலறையில் ஜன்னல் எத்தனை? எந்தத் திசை? மழைக்காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும்? கதவைச் சாத்தினால் புகை படுக்கையறைக்கு வராது, சரி. உள்ளே நிற்கிற நான் எங்கே போவேன்?

உங்களோடு வந்து இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. சுசீலாவுக்கு நாலு வயது முடியப் போகிறது. அப்பா என்றால் சுவரில் இருக்கும் போட்டோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் பயமாகவும் இருக்கிறது. கப்பல் ஏறிவிட்டால் நடுவில் இறங்க முடியாது, அங்கே வந்துவிட்டால் அடுத்த கப்பல் வரைக்கும் திரும்பவும் முடியாது.

விசாலாட்சி


ஹேடோ
11-3-1967

விசாலாட்சிக்கு,

கடிதம் கிடைத்தது. கேள்விகளுக்குப் பதில். ஜன்னல் ஒன்று. கடலைப் பார்த்தது. நல்ல பெரிய ஜன்னல்.

திரி ஸ்டவ் பற்றி விசாரித்தேன். மண்ணெண்ணெய் ரேஷன். கப்பல் சரியாக வந்தால் கிடைக்கும், தாமதமானால் எல்லோரும் டின்னைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கொடுக்கிற எண்ணெய் ஒரு குடும்பத்துக்குப் பாதி மாதம் வரும். பாக்கிப் பாதிக்கு விறகுக்குத்தான் போக வேண்டும். அது நமக்கு ஆகாது. மின்சார அடுப்பு உண்டு, ஆனால் குவார்ட்டர்ஸில் போடக் கூடாது என்று உத்தரவு. போட்டாலும் பிரயோஜனமில்லை, சாயங்காலம் பல்பே சிம்னி விளக்கு மாதிரிதான் எரிகிறது. மெட்ராஸில் இப்போது சிலிண்டரில் காஸ் வருகிறதாம். அதெல்லாம் இங்கே வந்து சேர நமக்குப் பேரன் பிறக்க வேண்டும்.

இப்படி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இரண்டு நாள் தூக்கம் பிடிக்காமல் கிடந்தேன். ஆனால் விசாலாட்சி, வழி பக்கத்து வீட்டிலேயே இருந்தது. ஆறாம் நம்பரில் அந்தோணிமுத்து என்று தூத்துக்குடிக்காரர் இருக்கிறார், துறைமுக ஜெட்டியில் கிரேன் ஓட்டுகிறார். அவர் மனைவி கிரேசி மூன்று பிள்ளைகளுக்கும் சமைப்பது மரத்தூளில். இங்கே பெரிய மர அறுவை மில் இருக்கிறதல்லவா, அங்கே தூள் மலைபோலக் குவிந்து கிடக்கிறது, அள்ளிக்கொண்டு போகிறவர்களைத் தடுப்பதில்லை. இந்தியிலே புராதா என்பார்கள். இங்கே தமிழர்களுக்கும் அது புராதாதான்.

அடுப்பு என்பது ஒரு தகர டிரம். அடியில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. நடுவில் ஓர் உருட்டுக் கட்டையை நிறுத்தி, ஓட்டை வழியாக இன்னொரு கட்டையைச் செருகி, சுற்றிலும் தூளைக் கொட்டிக் கெட்டிக்க வேண்டும். பிறகு இரண்டு கட்டைகளையும் மெதுவாக உருவினால் நடுவில் குழாய் மாதிரி ஒரு வழி நிற்கும். கீழே பற்ற வைத்தால் உள்சுவர் கனன்றுகொண்டே மூன்று மணி நேரம் எரியும். ஊத வேண்டாம், விறகு தள்ள வேண்டாம். கெட்டித்தது சரியாக இருந்தால் புகை கிடையாது. நான் அரை மணி நேரம் அந்தச் சமையலறையில் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

“விறகுக்காரன்லாம் இனி நம்மளப் பாத்து அழணும் அண்ணாச்சி. புராதா எக்தம் ஃபஸ்ட் கிளாஸ்” என்றார் அந்தோணிமுத்து.

ஸ்டோரில் கழித்துப் போட்ட பெயின்ட் டிரம் ஒன்றை வாங்கி, வெல்டரிடம் கொடுத்து ஓட்டை போட்டுவிட்டேன். மழைக்கு முன்னால் உலர்ந்த தூளாகச் சேர்த்துவிட வேண்டும் என்று ஏழு சாக்கு நிரப்பிச் சமையலறையில் அடுக்கியும் விட்டேன். அதிலும் எதையோ அள்ளிக்கொண்டு வரவில்லை. கர்ஜன் மரத்தூள் வெளிறி, மட்டமாக இருக்கும், அதைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். நான் மில் ஃபோர்மனிடம் சொல்லி வைத்து, படாக் அறுக்கிற அன்றைக்குப் போய் அள்ளினேன். இந்தத் தீவிலேயே உயர்ந்த மரம் அது. மேஜை நாற்காலிக்கு லண்டன் வரை போகிறது.

டிக்கெட்டுக்கு உன் அண்ணனைச் சொல்லு. மே முதல் வாரம் மெட்ராஸிலிருந்து ஒரு கப்பல் இருக்கிறது. அதை விட்டால் கெடுவுக்குள் வேறு கப்பல் இல்லை.

ஜெகநாதன்


நாகப்பட்டினம்
26-3-1967

அன்புள்ள அத்தானுக்கு,

ஜன்னல் கடலைப் பார்த்தது என்று எழுதினீர்கள். மழைக்காற்று எந்தப் பக்கம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஆகவே அதுவும் கடல் பக்கம்தான், மழையில் அந்த ஜன்னலைத் திறக்க முடியாது என்று நானே எழுதிக்கொள்கிறேன். டாலிகஞ்ச் வீட்டையும் நல்ல காற்றோட்டமான வீடு என்றுதான் எழுதியிருந்தீர்கள். வந்து பார்த்தால் சுவரிலேயே காற்றோட்டம் இருந்தது.

புகை இல்லை என்பது சரி. தூள் என்றால் தூசி இல்லையா? தினமும் கெட்டிக்கும்போது பறக்காதா? ஏழு சாக்கை நான் நிற்கிற இடத்திலேயே அடுக்கியிருக்கிறீர்களே. டாக்டரிடம் கேட்டேன். மரத்தில் எத்தனையோ ஜாதி, பார்க்காமல் எப்படிச் சொல்வது என்கிறார். ஆகவே அந்தத் தூளில் ஒரு சிட்டிகை மடித்து அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள். நான் கண்ணால் பார்க்க வேண்டும். நீங்கள் பார்த்து எழுதுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கோபித்துக்கொண்டாலும் சரி, இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மூன்று தடவைதான் பேச முடியும் என்று எழுதினீர்கள், இதோ இரண்டாவது தடவை. நீங்கள் கடிதம் கடிதமாக அடுப்பைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் ஊருக்கு வந்தது அடுப்புக்குப் பயந்து இல்லை. உங்களுக்கு அது தெரியும்.

அன்றைக்கு உங்கள் சூப்பரின்டென்டென்ட் பக்தவத்சலம் சாப்பிட வந்திருந்தார். காலையிலிருந்து மழை. நான் அடுப்படியில் தரையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. குழந்தை என் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் வாசற்படியில் வந்து நின்றீர்கள். கூடத்தில் அவருக்கும் கேட்கும்படி, “நடிச்சது போதும், எழுந்து இலையைப் போடு” என்றீர்கள்.

நான் எழுந்து இலையைப் போட்டேன். சாம்பாரும் ஊற்றினேன். அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். அடுத்த கப்பலில் நான் வந்துவிட்டேன். ஊரில் எல்லோரிடமும் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொன்னேன். அண்ணனுக்குக்கூட இது தெரியாது.

இதற்குப் பதில் எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம். தூளை மட்டும் மறக்காமல் அனுப்புங்கள்.

விசாலாட்சி


ஹேடோ
8-4-1967

விசாலாட்சிக்கு,

நீ கேட்டபடி மரத்தூள் இத்துடன் இருக்கிறது. மெழுகுத் தாளில் மடித்திருக்கிறேன். பிரித்துப் பார், என்ன நிறம் என்று. குங்குமம் மாதிரி இருக்கும். நான் அள்ளியதிலேயே நயமான இடத்திலிருந்து எடுத்தேன்.

தூசி பற்றிக் கவலைப்படாதே. கெட்டிக்கிற வேலையை நான் காலையில் ஆபீஸ் போகுமுன் முடித்துவிடுவேன், நீ முன்னறையில் இருக்கலாம். கெட்டித்த பிறகு அது கல் மாதிரி. பறக்க என்ன இருக்கிறது?

மழைக்காற்று கடல் பக்கமிருந்துதான் அடிக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

பழைய விஷயங்களைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவற்றைக் கிளறுவதால் இரண்டு பேருக்கும் மனக்கஷ்டம்தான். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை, அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தேன், வந்தவரைப் பட்டினியாக அனுப்ப முடியுமா என்ற பதற்றம். பதற்றத்தில் யாரும் ஏதாவது சொல்வதுதான். இப்போது நடக்க வேண்டியதைப் பார்ப்போம்.

பட்டியலில் அடுத்து இருப்பவர் போன வாரம் வீட்டையே வந்து பார்த்துவிட்டுப் போனார். சமையலறை ஜன்னலுக்கு என்ன திரை போடலாம் என்று அவர் மனைவி கிரேசியிடம் யோசனை கேட்டாளாம். மே 6-ம் தேதி கப்பல். டிக்கெட் எடுத்தாகிவிட்டதா இல்லையா என்று ஒரு வரி, ஏர் மெயிலில் எழுது.

ஜெகநாதன்


நாகப்பட்டினம்
19-4-1967

அன்புள்ள அத்தானுக்கு,

தூள் வந்தது. பார்த்தேன். நீங்கள் சொன்ன நிறம்தான். சுசீலா அதை எடுத்துப் பொம்மைக்குப் பொட்டு வைத்தாள். அண்ணன் கப்பலில் இரண்டு பங்க் படுக்கைக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். மே 6.

அரிவாள்மணையில் விரலை நறுக்கிக்கொண்டேன். அதனால் நான் சொல்ல அண்ணி எழுதுகிறாள். வேறொன்றும் விசேஷமில்லை.

விசாலாட்சி


ஹேடோ
28-4-1967

விசாலாட்சி,

தந்தி கொடுத்திருக்கிறேன், அது முதலில் வந்திருக்கும். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காதே. பிரித்திருந்தால் மிச்சத்தை வெளியில் கொண்டுபோய்ப் புதைத்துவிடச் சொல்லு, அண்ணியைச் செய்யச் சொல்லு, நீ தொடாதே.

செவ்வாய்க்கிழமை இந்த வருஷத்து முதல் மழை அடித்தது. தகரக் கூரையில் ஓர் ஆணி ஓட்டை, நேராகச் சாக்குகளின் மேலே. நனைந்ததைத் தனியாகப் பிரித்துக் கொட்டலாம் என்று நானும் அந்தோணிமுத்துவும் சமையலறைக்குள் போனோம். மழை உள்ளே வருகிறதே என்று ஜன்னலைச் சாத்தினேன். நான் அறைக்குள் நின்று சாக்குகளைக் கவிழ்த்தேன், அவர் வாசலில் நின்று வாங்கிப் போட்டார். மூன்றாவது சாக்கில் இருமல் வந்தது. தூசிதானே என்று விட்டேன். ஐந்தாவது சாக்கில் மார்பை யாரோ வார்போட்டு இறுக்குகிற மாதிரி இருந்தது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. இருக்கிற காற்றை வெளியே தள்ளினால்தானே புதுக் காற்று போகும்? தள்ள முடியவில்லை. கையை ஊன்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தோணிமுத்து ஏதோ கேட்டார். காது கேட்கிறது, பதில் சொல்ல மூச்சு இல்லை.

அவர் சிரித்தார். “மூட்டையத் தூக்கச் சொன்னா மூச்சு வாங்குதாக்கும்? நல்லா நடிக்கீக அண்ணாச்சி” என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் உதடு நீலமானதைப் பார்த்ததும் அவர்தான் என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மழையில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஊசி போட்டு அரை மணி கழித்துத்தான் ஒரு வார்த்தை பேச முடிந்தது. கம்பவுண்டர் பெங்காலி. படாக் ரம்பத்தில் நிற்கிறவன் எல்லோருக்கும் இது தெரியும், ஸ்டோர் பாபுவுக்குத் தெரியாதா என்று இந்தியில் திட்டினார். அதன் தூள் சிலருடைய மூச்சுக்குழலுக்கு விஷமாம். அதற்காகத்தான் விவரம் தெரிந்தவர்கள் வெளிறிய கர்ஜன் தூளை அள்ளுகிறார்கள். நான் உயர்ந்த மரமாயிற்றே என்று பொறுக்கி எடுத்தேன். பதிவேட்டில் முதல் தரம் என்று எழுதியிருப்பதைத் தவிர எனக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்?

‘நடிக்கீக’ என்ற அந்த வார்த்தை என் காதில் விழுந்தபோது எனக்கு வந்தது கோபம் இல்லை. பயம். நான் சாகப் போகிறேன், பார்த்துக்கொண்டிருக்கிறவன் நம்பவில்லை என்ற பயம். நீ அதே பயத்தோடு எழுந்து இலை போட்டிருக்கிறாய். நான் பக்தவத்சலம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பதற்றம் என்று போன கடிதத்தில் எழுதியது பொய். உனக்கு உண்மையாகவே முடியவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் சொன்னேன், அவர் முன்னால் நான் மனைவியை அடக்கி வைத்திருப்பவன் மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்காக. மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

சாக்குகளை எல்லாம் கடலில் கொட்டியாகிவிட்டது. சமையலறையை நாலு தடவை கழுவியிருக்கிறேன். ஆனாலும் உன்னை வா என்று சொல்ல எனக்கு இனித் தைரியமில்லை. எந்த அடுப்பு என்று எனக்குத் தெரியவில்லை. வீடு போனால் போகட்டும்.

29-4. இதை ஒட்டுவதற்குள் உன் கடிதம் வந்தது. அண்ணி கையெழுத்து. உனக்கு விரல் நறுக்கவில்லை, இல்லையா? நான் அனுப்பிய கடிதமே உன்னை அடித்துப் போட்டுவிட்டது. நாளைக் காலை விமானத்துக்குத் தபால் பை கட்டுகிறார்கள்.

ஜெகநாதன்


மெட்ராஸ்
5-5-1967

அன்புள்ள அத்தானுக்கு,

நாளை காலை கப்பல். இந்தக் கடிதத்தைத் துறைமுகத் தபால்பெட்டியில் போடப் போகிறேன். ஆகவே இதுவும் நானும் ஒரே கப்பலில்தான் வருவோம். பை பிரித்து உங்கள் கைக்கு வருவதற்குள் நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். எதிரில் நின்று சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் இந்த ஏற்பாடு.

விரல் நறுக்கவில்லை. உங்கள் தந்தி வருவதற்கு வெகு முன்பே பொட்டலத்தை ஜன்னலோரம் வைத்துப் பிரித்துவிட்டேன். காற்று ஒரு ஊது ஊதி முகத்தில் அடித்தது. அவ்வளவுதான். ஐந்து நாள் படுக்கை, மூன்று ஊசி. டாக்டர் தூளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. அண்ணன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். நான்தான் தடுத்தேன்.

உங்களுக்கு ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். ஒரு சிட்டிகைத் தூளுக்கு ஐந்து நாள் படுக்கையா என்று நீங்கள் கேட்பீர்களோ என்று பயந்தேன். நடிப்பு என்று இன்னொரு தடவை எழுத்தில் பார்த்தால் என்னால் தாங்க முடியாது. உடம்பு சரியில்லை என்பதைத் திருட்டுக் குற்றம் மாதிரி மறைக்க இந்த மூன்று வருஷத்தில் நன்றாகவே பழகியிருக்கிறேன்.

உங்கள் கடிதம் நான் கிளம்புவதற்கு முந்தின நாள் வந்தது. உங்களுக்கு மூச்சு முட்டியது என்று படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். உள்ளதைச் சொல்கிறேன். நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னேன், அண்ணி திரும்பிப் பார்த்தாள். அதற்கப்புறம் உதடு நீலமானது என்ற இடத்தைப் படித்தேன். உட்கார்ந்து அழுதேன். அந்தோணிமுத்து வீட்டுக்கு ஒரு டின் பனங்கற்கண்டு கொண்டு வருகிறேன்.

தெரிந்துதான் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கும் அன்றைக்கே தெரியும். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே இலை போட்டேன்? ஆனால் நீங்களாக அதை எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடுப்பை நான் முடிவு பண்ணிவிட்டேன். பத்துத் திரி ஸ்டவ் ஒன்று வாங்கி வைக்கோல் சுற்றிக் கட்டியிருக்கிறேன். பாதி மாதத்துக்கு மேல் எண்ணெய் வராது என்றீர்கள். கிரேசி சமைப்பதெல்லாம் தூளில் என்றால் அவள் ரேஷன் எண்ணெயில் விளக்குக்குப் போக மிச்சம் இருக்குமே? நான் வந்து அவளிடம் பேசிக்கொள்கிறேன். அதுவும் தீர்ந்த நாளில் உங்கள் பெயின்ட் டிரம் வீட்டுக்கு வெளியே, பின் தாழ்வாரத்தில் இருக்கட்டும். கர்ஜன் தூளை நீங்களே கெட்டித்து நீங்களே சோறு பொங்குங்கள். குழைந்தாலும் சாப்பிடுவேன். யாராவது விருந்துக்கு வந்தாலும் அதுதான்.

இவ்வளவு யோசித்தாலும் பயம் போகவில்லை. மருந்துப் பெட்டியை மூன்று தடவை எண்ணிவிட்டேன். கப்பலில் டாக்டர் உண்டா என்று அண்ணன் இரண்டு பேரிடம் கேட்டு வந்தார். சுசீலா மட்டும்தான் நிம்மதியாக இருக்கிறாள், போட்டோ அப்பா பேசுவாரா என்று கேட்கிறாள்.

இதைப் படித்துவிட்டு உள்ளே வந்து என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம். இன்னும் சில நாளில் அங்கே மழை இறங்கிவிடும். எந்த அடுப்பை வைத்தாலும் எனக்கு ஒரு நாள் இழுப்பு வரத்தான் போகிறது. அன்றைக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கத்தான் இத்தனை தூரம் வருகிறேன்.

விசாலாட்சி